முறைக்காரர் ஊற்றிய ஊதா

எங்கள் ஊரில் ஒருவர் மேல் ஒருவர் சாயம் ஊற்றினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஊற்றியவர் முறைக்காரர். மாமன் மகள், அத்தை மகன், மச்சான், கொழுந்தியாள் என்று ஏதோ ஒரு முறை இருந்தாக வேண்டும். அண்ணன் தங்கை மேல் ஊற்ற மாட்டார், பங்காளி மேல் பங்காளி ஊற்ற மாட்டார். மாரியம்மன் நோம்பியின், அதாவது திருவிழாவின், கடைசி நாள் மஞ்சள் நீர் விளையாடும்போது யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று பார்த்தாலே போதும், வெளியூர்க்காரருக்குக்கூட ஊரின் சொந்தபந்தம் முழுக்க விளங்கிவிடும். போலீஸ்காரர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஊர் அவிநாசிக்கும் பெருந்துறைக்கும் நடுவில் இருக்கிறது. பேர் எதற்கு. தொண்ணூறுகளில் அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பனியன் துணிக்குச் சாயம் போடும் பட்டறைகள் ஒவ்வொன்றாக வந்தன, கையில் நாலு காசு புரண்டது, கிணறுகள் நிறம் மாறின. எங்கள் வீட்டுக் கிணற்றில் ஒரு வாரம் பீட்ரூட் வேகவைத்த மாதிரி தண்ணீர் வரும், அடுத்த வாரம் பச்சையாக வரும். ஆட்டுக்குட்டிகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

என்னைக் கட்டிக் கொடுத்தது மேட்டுப்பாளையத்தில். மலையடிவாரம், குழாயைத் திறந்தால் கண்ணாடி மாதிரி தண்ணீர். பிறந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் மற்றவர்கள் பலகாரம் கொண்டு வருவார்கள், நான் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் நிறையத் தண்ணீர் கொண்டு வருவேன். அம்மாவுக்கு அதில் டீ போட்டுக் குடித்தால்தான் உயிர் வரும். ஏனுங்க, உங்க ஊர்ல தண்ணிகூடக் கெடைக்காதுங்களா என்று கண்டக்டர் கேலி செய்வார். கெடைக்கும், கலர் கலராக் கெடைக்கும் என்பேன். நான் கொஞ்சம் வாய்க்காரி.

எங்கள் தோட்டத்துக்கு மேல்புறம் இருந்த பட்டறை வேறு யாருடையதும் அல்ல, என் தாய்மாமனுடையது. அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். கிணறு முதல்முதலாகச் சிவந்தபோது அம்மா நேராகப் போய்ச் சொன்னார். எல்லாப் பட்டறைத் தண்ணியும்தான் பள்ளத்துல போகுது, இதுல எம் பேரு எழுதியிருக்குதா என்று கேட்டாராம் மாமா. அத்தோடு பேச்சு நின்றது. என் கல்யாணத்துக்கே அவர் வரவில்லை. தாய்மாமன் இல்லாமல் மணவறையில் உட்காருவது எங்கள் பக்கத்தில் எவ்வளவு பெரிய குறை என்பது அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். அம்மா அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வருஷம் நோம்பிக்கு நான் வந்தபோது வீட்டில் ஒரே ஒரு பேச்சுதான். தம்பிக்கு ரயில்வேயில் வேலை கிடைக்கப் போகிறது. பரீட்சை தேறிவிட்டான், உடம்புப் பரிசோதனையும் முடிந்தது, போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி. அப்பா போனபிறகு அந்த வீட்டில் நடக்கவிருந்த முதல் நல்ல காரியம் அது. ஒரு கேஸ், ஒரே ஒரு கேஸ் அவன் பேரில் விழுந்தால் எல்லாம் போச்சு. ஆகவே எந்த வம்புக்கும் போகாதே கண்ணு என்று அம்மா காலையும் மாலையும் அவனுக்கு மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார்.

வம்பு கோயிலில் இருந்து வந்தது. நோம்பி இன்ன நாள் என்று சாட்டியதும் மாரியம்மன் கோயில் முன்னால் கம்பம் நடுவார்கள். தினமும் விடியற்காலையில் பெண்கள் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய்க் கம்பத்துக்கு ஊற்ற வேண்டும். கோயில் கிணறு மட்டும் அதுவரை தப்பியிருந்தது. அந்த வருஷம் அதுவும் சிவந்துவிட்டது. ஊற்ற ஊற்றக் கம்பத்தின் அடி ரத்தம் காய்ந்த மாதிரி கறுத்துக்கொண்டு வந்தது. தன் வீட்டுக் கிணறு கெட்டபோது தலையெழுத்து என்று இருந்த ஊர், ஆத்தாளுக்கு ஊற்றும் தண்ணீர் கெட்டதும் தாங்கவில்லை. மஞ்சள் நீருக்கு முந்தின நாள், பெண்கள் எல்லாரும் காலிக் குடத்தோடு மெயின் ரோட்டில் போய் உட்கார்ந்துவிட்டோம். அம்மாவும் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். ஆண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். தம்பி வீட்டில் இருந்தான்.

பஸ்ஸும் லாரியும் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. போலீஸ் வந்தது. லத்தி எங்களுக்குப் பழகினது, கண்ணீர்ப் புகை கேள்விப்பட்டது. இந்த முறை நாலு பேர் கையில் வேறு ஏதோ இருந்தது, தடித்த குழாய் வைத்த துப்பாக்கி மாதிரி. எங்கிருந்தோ சோதித்துப் பார்ப்பதற்காகக் கொண்டு வந்தார்களாம், பிற்பாடு சொன்னார்கள். கலையச் சொல்லி மைக்கில் அறிவித்தார்கள். நாங்கள் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தம்பி வந்தான். அம்மா பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு வந்திருந்தார், அதைக் கொடுக்க வந்தான். உட்கார்ந்திருந்த கூட்டத்துக்கு நடுவே அவன் ஒருவன் நின்றுகொண்டு யாரையோ தேடுவதைப் பார்த்தால், தலைவர் என்றுதான் எவருக்கும் தோன்றும்.

பட் பட்டென்று சத்தம் கேட்டது. கோலிக்குண்டு அளவில் ஏதோ பறந்து வந்தது. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் முதுகில் பட்டு உடைந்து, கரும்பச்சையில் ஒரு பொடி தூசாகக் கிளம்பியது. இவ்வளவுதானா என்று நினைத்தேன். சித்திரை வெயில், அவர் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொடி ஈரத்தைக் குடித்து ஊதாவாக மாறியது. சாதாரண ஊதா இல்லை. நடுவில் கறுத்து, விளிம்பில் வெளுத்து, ஒரு பெரிய பூ விரிவது போல விரிந்துகொண்டே போனது. சாயத்துக்கு நடுவில் வளர்ந்தவள் நான். அப்படி ஒரு நிறத்தை அன்றுதான் பார்த்தேன். கோபம் வந்திருக்க வேண்டும், பயம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அடிபட்டவர் என்ன செய்தார் தெரியுமா. முதுகைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஊதாவைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே திரும்பி, "எந்த மாப்ளைங்க அது, நாளைக்கு ஊத்தறத இன்னைக்கே ஊத்தறது?" என்று கேட்டார். எங்கள் ஊரில் சாயம் மேலே பட்டால் முறைக்காரரைத்தானே தேட வேண்டும். கூட்டமே சிரித்துவிட்டது. இரண்டு மூன்று பெண்கள் யார் மச்சான் என்று எட்டிப் பார்த்தார்கள். கலைந்து ஓட வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து சிரித்த சனங்கள் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குண்டுகள் மழையாக வந்தன. தம்பிக்குக் கழுத்தில் ஒன்று, காதோரம் ஒன்று.

அதற்கப்புறம்தான் ஜீப் மைக்கில் சொன்னார்கள். இது லேசில் போகிற சாயம் அல்ல, பட்டவர்கள் தாங்களாகவே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நாளை காலை வீடு வீடாக வருவோம், சாயம் இருக்கிற ஆள் மேல் கேஸ். அப்போது ஓடினோம் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் எடுத்தது மேட்டுப்பாளையத்துக் கேனைத்தான். நல்ல தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. ஊற்றினேன். கழுத்தில் ஒரு பிடி அளவு இருந்த ஊதா மார்பு வரை இறங்கியது. சட்டைக்குள் சிதறிக் கிடந்த பொடியெல்லாம் தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டது. இன்னும் ஊற்றினேன், இன்னும் பரவியது. சீயக்காய், எலுமிச்சை, மண்ணெண்ணெய் எல்லாம் ஆயிற்று. கேன் காலி. தம்பி தலையில் இருந்து இடுப்பு வரை ஊதாவாக முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். அம்மா சுவரோரம் உட்கார்ந்துகொண்டு, மாத்திரையை நான் மறந்திருக்கக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

துணியில் ஏறின சாயத்தை உரிக்கப் பட்டறையில் ஒரு மருந்து வைத்திருப்பார்கள், ஹைட்ரோஸ் என்பார்கள். அம்மாவிடம் சொல்லாமல் மாமா வீட்டுக்கு நடந்தேன். என் கல்யாணத்துக்கு வராத மனிதர் வாசலில் போய் நிற்பது எனக்குத் தூக்குப்போட்டுக்கொள்வது மாதிரி இருந்தது. ஆனாலும் நின்றேன். சொன்னேன்.

"ஹைட்ரோஸ் போட்டா தோலு வெந்துபோயிரும் அம்மணி," என்றார். "ஊட்டுக்குப் போ. காலைல பாக்கலாம்."

காலையில் என்னத்தைப் பார்ப்பது, போலீஸ் ஜீப்பையா என்று நாக்கு நுனி வரை வந்தது. கூடப் பிறந்தவள் குடும்பம் குட்டிச்சுவராகப் போனாலும் பட்டறை ஓடினால் சரி இவருக்கு என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் கம்பம் பிடுங்கியாயிற்று, மேளம் தெருவில் இறங்கியது. வழக்கமாகக் குழந்தைகள் மஞ்சள் நீரோடு ஓடித் திரியும் நேரம். அன்று மேளச் சத்தம் மட்டும்தான், தெரு வெறிச்சென்று கிடந்தது. ஊதா பட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள், படாதவர்களுக்கு விளையாட மனம் வரவில்லை.

பட்டறை டெம்போ எங்கள் வாசலில் வந்து நின்றது. பின்னால் ஆறேழு பெரிய பேரல்கள். மாமா இறங்கினார். வெளுத்த வேட்டி, வெளுத்த சட்டை. அவர் எங்கள் வாசலை மிதித்து வருஷக் கணக்காகிறது. ஒரு சொம்பை எடுத்துப் பேரலுக்குள் முக்கினார். சொம்பு வழிய வழிய ஊதா. போலீஸ் அடித்த அதே ஊதாதான், பக்கத்தில் வைத்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

"மாப்ளே, வெளிய வாங்க," என்றார். "மாமன் ஊத்தறேன்."

தம்பி வெளியே வந்தான். மாமா அவன் தலையில் ஊற்றினார். ஊற்றிய கையோடு சொம்பை அவனிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார். முறை என்றால் திருப்பி ஊற்ற வேண்டும். தம்பி சொம்பை முக்கி எடுத்து ஊற்றினான். மாமாவின் நரைத்த தலையில், வெளுத்த சட்டையில் அந்த ஊதா இறங்கியது. என் கல்யாணத்து மணவறையில் விழுந்த குறை அந்த ஒரு சொம்பில் தீர்ந்தது போல இருந்தது.

அப்புறம் கேட்பானேன். மாமன் மகள்கள் டெம்போ மேல் ஏறிவிட்டார்கள். கதவுகள் திறந்தன. நேற்று ரோட்டுப் பக்கமே வராத, கல்யாணம் நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை, கடைக்காரர், வாத்தியார், பல்லுப்போன பெரியவர் என்று ஒருவரும் தப்பவில்லை. அந்த அவசரத்திலும் முறை மாறவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பங்காளி பங்காளி மேல் ஊற்றவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு முறைக்காரர் தேடிவந்து ஊற்றினார். ஒரு வீட்டில் முறைக்கு ஆளில்லை என்று பக்கத்து ஊரில் இருந்து மச்சானைக் கூட்டிவர டிவிஎஸ் 50 பறந்தது. தெரு ஊதா, திண்ணை ஊதா, கட்டியிருந்த எருமையும் ஊதா.

ஜீப்பும் வேனும் வந்தபோது ஊரே அவர்கள் முன்னால் நின்றது. அதிகாரி இறங்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். யார் ஊற்றினார்கள் என்று கேட்டார். முறைக்காரங்க ஊத்துனாங்க என்று ஒரே பதில் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. இதில் எங்கள் சாயம் எது, உங்கள் சாயம் எது என்று கேட்டார். பக்கத்து ஊர்க் கான்ஸ்டபிள் ஒருவரை நோக்கி ஒரு அக்கா சொம்போடு நகர, அவர் இரண்டடி பின்வாங்கி, எனக்கு இந்த ஊர்ல முறை கெடையாதுங்க என்றார். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது என்று நினைக்கிறேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன் காலியாகத் திரும்பியது.

தம்பி பேரில் கேஸ் இல்லை. ரயில்வே வேலைக்கான விசாரணைக்கு ஆள் வந்தபோது அவன் கழுத்து பாதி வெளுத்திருந்தது. நோம்பிச் சாயமா என்று வந்தவர் கேட்டார், ஆமாங்க என்றான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. வேன் போனபிறகு மாமா எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்தார். அம்மா அதுவரை நிலைப்படியைத் தாண்டி வரவில்லை. அண்ணனும் தங்கையும் ஊற்றிக்கொள்ள முறை இல்லை. இரண்டு பேருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் அவர்தான் அம்மாவைப் பார்த்து, தொண்டை காயுது அம்மணி, ஒரு சொம்பு தண்ணி குடு என்றார்.

கேன் தண்ணீர் முழுவதும் தம்பியின் கழுத்தில் போய்விட்டது. அம்மா உள்ளே போனார். குடம் உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு கொல்லைப் பக்கம் கிணற்று ராட்டினம் சுற்றும் சத்தம் கேட்டது. அம்மா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார்.

"இதுதானுங்கண்ணா இருக்குது," என்றார்.

மாமா சொம்புக்குள் பார்த்தார். அந்த வாரம் தண்ணீர் சிவப்பு. அவர் பட்டறையில் அந்த வாரம் போட்ட நிறம் என்ன என்று அவரைவிட யாருக்குத் தெரியும். என்னையும் பார்க்கவில்லை, தம்பியையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல், கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார்.