மேல்மாடிக்குப் போன தூக்குச்சட்டி

வாழ்நாளெல்லாம் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றவளிடம் சாந்தத்தை எதிர்பார்க்காதீர்கள். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் இருக்கும் பிளாட்டின் கீழே ஒரு கடை எடுத்து, விசேஷங்களுக்குச் சைவச் சமையல் செய்து கொடுக்கிறேன். கல்யாணமோ காதுகுத்தோ கருமாதியோ, எதுவானாலும் சரி. ஆனால் போன வருடம் சீனப் பெருநாள் முடிந்த கையோடு வந்த ஆர்டர் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை.

வந்தவள் என் வயசுக்காரி. மெல்பர்னில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுடைய பாட்டனாருக்குப் பாட்டனார் இந்த ஊரில் வியாபாரம் செய்து, இங்கேயே செத்து, டவுனில் இருக்கும் பழைய யூதக் கல்லறையில் கிடக்கிறாராம். அவரைப் பார்க்க வந்தவள், ஊர் பிடித்துப்போய், ஜார்ஜ்டவுனில் ஒரு மாடி அறையை எடுத்துச் சில மாதம் தங்கிவிட்டாள். யூதர் என்றால் இங்கே ஆளுக்கொரு பேச்சு உண்டு. நான் அதற்குள் போகவில்லை. என்னிடம் வந்தவள் சாப்பாடு கேட்டு வந்தவள். அவ்வளவுதான்.

அவர்களுக்கு ஒரு பண்டிகை வருகிறதாம். முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவின் ஊரில் அவர்களைக் கூண்டோடு கொல்ல நாள் குறித்து, கடைசியில் எப்படியோ தப்பினார்களாம். அந்த நாளில் பகலிலேயே விருந்து சாப்பிட வேண்டும். தெரிந்த வெளிநாட்டுக்காரர்களைக் கூப்பிட்டிருக்கிறாள். என் கடையிலேயே இலை போட்டுப் பெரிய விருந்து, வடை பாயசத்தோடு. நல்ல ஆர்டர்தான் என்று எழுந்தேன். அப்புறம்தான் நிபந்தனைகளைச் சொன்னாள். பாத்திரமெல்லாம் புதுசாக அவளே வாங்குவாள். அடுப்பை அவள்தான் பற்ற வைப்பாள். காய்கறியை அவள் ஒவ்வோர் இலையாகப் பூச்சி பார்ப்பாள்.

"என் அடுப்படி சுத்தமில்லையா?" என்று கேட்டேன். பேச்சு முழுக்க என் ஓட்டை இங்கிலீஷில்தான்.

"என் அடுப்படியைவிடச் சுத்தம்," என்றாள். "இது சுத்தத்துக்காக இல்லை. எங்கள் சட்டம் அப்படி."

"சட்டத்தைச் சாப்பிட முடியாது, மேடம்."

"நீ சமைத்தால் முடியும்," என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் ஒத்துக்கொண்டேன்.

புதுப் பாத்திரங்களைக் கடலில் முக்க வேண்டுமாம். அதுவும் சட்டம். என் வேனில் ஏற்றி பத்து பெரிங்கிக் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். முழங்கால் தண்ணீரில் நின்று, ஏதோ முணுமுணுத்து, ஒவ்வொரு குண்டானாக முழுக்கி எடுத்தாள். ஓர் அலை வந்து மூடியை இழுத்துக்கொண்டு போனது. திட்டிக்கொண்டே நான் ஓடிப் பிடித்தேன். கரையில் இருந்தவர்கள் எங்களைப் படம் எடுத்தார்கள்.

திரும்பி வரும் வழியில், தலையெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்ட, அவள் சொன்னாள்: "எனக்கு ஏழைகள் இரண்டு பேர் வேண்டும்."

"என்னது?"

அந்த நாளில் குறைந்தது இரண்டு ஏழைகளுக்காவது கொடுத்தே ஆக வேண்டும். விருந்தைவிட அதுதான் முக்கியம் என்றாள்.

"பினாங்கில் இரண்டு பேர்தான் வேண்டுமா? வரிசை கட்டி நிற்பார்கள்," என்றேன். பாலத்தைத் தாண்டி பத்து காவான் பக்கம் ஓர் ஆதரவற்றோர் இல்லம் இருக்கிறது, அங்கே அனுப்பிவிடலாம், படம்கூட எடுத்து அனுப்புவார்கள் என்றும் சொன்னேன்.

"அது தூரம். கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் வீட்டில் இருப்பவர்கள், பிறகு தெரு, பிறகு ஊர், அதற்கப்புறம்தான் வெளியூர். என் வீட்டு ஆட்கள் இங்கே கல்லறையில்தான் இருக்கிறார்கள். அதனால் உன்னைக் கேட்கிறேன். உன் படிக்கட்டில் யாரும் இல்லையா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏனென்றால், இருந்தாள்.

என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் ஓர் அக்கா. யாழ்ப்பாணத்து வம்சம். கப்பல் கம்பெனி ஆபீசில் கிளார்க்காக இருந்தவள். புருஷனுடைய நோய் கையிருப்பைத் தின்றுவிட்டுப் போனது. பிள்ளை குட்டி கிடையாது. இன்றைக்கும் இஸ்திரி போட்ட சேலையில்தான் படி இறங்குவாள். சர்க்கரை வியாதி, தினமும் ஊசி போட்டுக்கொள்கிறாள். தைப்பூசத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் படிக்கட்டு வளைவில் உட்கார்ந்தபடியே சரிந்து கிடந்தாள். நான்தான் தூக்கினேன். ஊசி போட்டிருக்கிறாள், சாப்பிடவில்லை. இப்படியே செய்தால் ஒரு நாள் எழுந்திருக்க மாட்டாள் என்று கிளினிக்கில் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

அன்றிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு கொண்டுபோனேன். கதவைத் திறக்க மாட்டாள். கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்று, "வேண்டாம் பிள்ளை, நான் சாப்பிட்டிட்டன்," என்பாள். வாசலில் வைத்துவிட்டு வந்தால், திறக்காமல் அப்படியே என் வாசலுக்குத் திரும்பி வரும். திமிர். கிளார்க்குப் பரம்பரைத் திமிர். என்னை ரப்பர்த் தோட்டக்காட்டிலிருந்து வந்தவள் என்று நினைக்கிறாள். வேனில் இதையெல்லாம் கத்திச் சொன்னேன்.

யூதக்காரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆரம்பத்திலிருந்தே வாங்கவில்லையா?" என்றாள்.

"ஆரம்பத்தில் வாங்கினாள். சாப்பிட்டாள். கழுவித் திருப்பிக் கொடுத்தாள்."

"வெறும் பாத்திரமாகவா?"

"வெறும் பாத்திரத்தை யார் கொடுப்பார்கள்? எங்களில் அந்தப் பழக்கமே கிடையாது. ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். முதல் தடவை சீனி போட்டுக் கொடுத்தாள். அடுத்த தடவை கொஞ்சம் பருப்பு. அப்புறம் ஒரு கைப்பிடி அரிசி. அதற்கப்புறம்தான் வாங்குவதையே..."

சீனி. பருப்பு. அரிசி. அப்புறம் ஒன்றுமில்லை. திருப்பிக் கொடுக்கும்போது சட்டியில் போட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. அதனால்தான் வாங்கவில்லை. நான் சோறு கொண்டுபோய்க் கொண்டுபோய் அவள் வீட்டில் இருந்ததையும் காலி பண்ணியிருக்கிறேன். சாலையோரம் வேனை நிறுத்திவிட்டேன். பின்னால் ஒருத்தன் ஹார்ன் அடித்தான். கண்ணாடியை இறக்கி அவனைத் திட்டினேன். வேறு யாரைத் திட்டுவது?

யூதக்காரி என்னைத் தேற்றவில்லை. அது எனக்குப் பிடித்தது. வேறொன்று சொன்னாள். அந்தப் பண்டிகையில் இன்னொரு கடமையும் உண்டு. ஒவ்வொருவரும் யாராவது ஒருவருக்குச் சாப்பிடும் பண்டம் இரண்டு வகை அனுப்ப வேண்டும். இருப்பவன் மட்டுமில்லை, இல்லாதவனும் அனுப்ப வேண்டும். பிறர் கொடுத்ததில் வாழ்கிறவனும் அவனுக்குக் கிடைத்ததிலிருந்து கொடுத்தாக வேண்டும். யாருக்கும் விலக்குக் கிடையாது. முன்னொரு காலத்தில் இரண்டு பேரிடம் ஆளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு மட்டும்தான் இருந்ததாம். இவன் தன்னுடையதை அவனுக்கு அனுப்பினான், அவன் தன்னுடையதை இவனுக்கு அனுப்பினான். இரண்டு பேரும் கொடுத்தவர்கள் ஆனார்கள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

அன்னதானம் என்றால் எங்கள் ஊரில் கொடுப்பவன் பெயரைப் பலகையில் எழுதுவார்கள். வாங்குகிறவனுக்கும் கொடுக்கும் கை வேண்டும் என்று யார் யோசித்தார்கள்? இந்தச் சட்டத்தை எழுதியவன் எந்தக் காலத்து ஆளோ தெரியாது. பட்டினி கிடந்தவனாகத்தான் இருக்க வேண்டும். அதுவும் மானத்தோடு பட்டினி கிடந்தவன்.

மறுநாள் காலையில் வந்து ஆர்டரை மாற்றினாள். அவள் விருந்துக்குச் சோறு, பருப்பு, ஒரு முட்டைக்கோஸ் பிரட்டல் போதும். வடை, பாயசம், மற்றக் கறிகள் எல்லாம் கொடுப்பதற்கு.

"விருந்தாளிகளைக் கூப்பிட்டுவிட்டுப் பருப்புச் சோறா? என் பெயர் என்ன ஆவது?" என்று கத்தினேன்.

"அதே சமையல், அதே கை. தட்டுதான் வேறே. என் மேசையைப் பெரிதாக்குவதைவிட அடுத்தவர்களுக்குக் கொடுப்பதைப் பெரிதாக்கு என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது."

"வடையில்லாத விருந்து விருந்தே இல்லை."

"அப்படியென்றால் வடை யாருக்குப் போகிறதோ அவர்களுக்குத்தான் அன்றைக்கு விருந்து," என்றாள். ஆர்டர் சீட்டில் உளுந்தைக் கூட்டி எழுதினேன்.

பண்டிகையன்று அவள் தீக்குச்சி கிழித்து அடுப்பைப் பற்ற வைத்தாள். முட்டைக்கோஸை வெளிச்சத்தில் பிடித்து இலை இலையாகப் பார்த்தாள். முதல் பொட்டலத்தை எங்கள் பிளாட்டில் அட்டைப்பெட்டி பொறுக்கும் சீனக் கிழவரிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் பல்லில்லாத வாயால் சிரித்து, இன்றைக்கு என்ன பெருநாள் என்று மலாயில் கேட்டார். "ஹாரி பெஸ்தா லா, அங்கிள், விருந்து நாள், சாப்பிடு," என்றேன். உடனே தன் தள்ளுவண்டியைத் துழாவி, மடித்த நல்ல அட்டை ஒன்றை எடுத்து, வெயிலுக்குப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவள் கையில் திணித்தார்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கோயில் தேர் திரும்பும்போது ஜனங்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது. கொடுத்தவர்கள் முகத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பெருமை இருக்கும், ஒரு அவசரம் இருக்கும். இப்படிப் பார்த்ததில்லை. பரிசு வாங்கியது அவள்தான் என்பது போல அந்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

செய்தி பரவிவிட்டது. கையை நீட்டியவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். என் வேனைவிட விலைகூடின மோட்டார்சைக்கிளில் ஒருத்தன் வந்து நின்றான். விரட்டப் போனேன். "இன்றைக்கு விசாரணை கிடையாது," என்று தடுத்துவிட்டாள். அதையும் ஒரு சட்டம் என்றாள். எனக்கு இன்னும் அதில் சம்மதமில்லை.

பிறகு வெறும் கையோடு மேல்மாடிக்கு ஏறினாள். தூக்குச்சட்டியை எடுக்க வேண்டாம் என்றாள். நான் பின்னால் போனேன். காலையிலேயே அக்கா ஊசி போட்டிருப்பாள். அதுதான் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

கம்பிக் கதவுக்குப் பின்னால் அக்கா வந்து நின்றாள்.

"மேடம், இன்றைக்கு எனக்குப் பண்டிகை," என்றாள் இவள். "யாராவது எனக்குச் சாப்பிட இரண்டு வகை அனுப்ப வேண்டும். இந்த ஊரில் எனக்கு யாரும் இல்லை. நீங்கள் அனுப்புவீர்களா?"

அக்கா கிளார்க்கு இங்கிலீஷில், "நான் இன்று சமைக்கவில்லை," என்றாள்.

"சமைத்ததை நான் சாப்பிடக் கூடாது. முழுப் பழமாக இருந்தால் போதும். ஆனால் இரண்டு வகை வேண்டும்."

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "உமக்கென்ன விசரோ? வெள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு வந்து என்னட்டைப் பிச்சை கேக்க வைக்கிறீர்," என்றாள். மரக்கதவும் சாத்தப்பட்டது.

போச்சு என்று நினைத்தேன். கீழே இறங்கும்வரை யூதச் சட்டத்தையும் யாழ்ப்பாணத் திமிரையும் சேர்த்துத் திட்டினேன். இவள் கடையில் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அவளுடைய விருந்தாளிகள் வந்து காத்திருந்தார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்தது. உட்கார மாட்டேன் என்றுவிட்டாள்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது.

அக்கா சேலை மாற்றி, தலைவாரி, பொட்டு வைத்து வந்தாள். கையில் ஒரு தட்டு. பின்னல் துணி போட்டு மூடியிருந்தது. துணியை எடுத்தாள். ஒரு வாழைப்பழம், பெருநாளில் யாரோ சீனர் வீட்டில் கொடுத்திருக்கக் கூடிய ஓர் ஆரஞ்சு. இரண்டும் கழுவித் துடைத்திருந்தன.

இவள் இரண்டு கையாலும் வாங்கினாள். எல்லோர் முன்னாலும் அந்த ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை வாயில் போட்டாள். அதற்கப்புறம்தான் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். நான் தூக்குச்சட்டியை எடுத்துக் கொடுத்தேன். அதை அவள் அக்காவிடம் நீட்டினாள்.

அக்கா வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "நான்தானே முதல் குடுத்தனான்?" என்று கேட்டாள்.

"நீங்கதான் அக்கா முதல்ல. எல்லாரும் பாத்தாங்க."

"ஓம்," என்றாள். சட்டியை வாங்கினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோறு, பருப்பு, பிரட்டல், வடை. பாயசத்தை மட்டும் தள்ளி வைத்தாள். மறுசோறு கேட்டாள். நான் அடுப்படிக்குள் போய், எந்தக் காரணமும் இல்லாமல் ஒரு குண்டானைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் அக்காவுக்கு உடம்பு எப்படி என்று பார்க்கப் போனபோது கதவைத் திறந்தாள். தண்ணீர் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தேன். ஊசி மருந்து இருந்தது, தண்ணீர்ப் போத்தல் இருந்தது. வேறு எதுவும் இல்லை. வீட்டில் இருந்ததே அந்த இரண்டு பழம்தான். முழுவதையும் கொடுத்திருக்கிறாள். ஏழை பணக்காரன் எல்லோரையும் சேர்த்து, நான் பார்த்ததிலேயே பெரிய தானம் அதுதான்.

யூதக்காரி ஊருக்குப் போய்விட்டாள். குண்டான்களை என்னிடமே விட்டுவிட்டாள். தூக்குச்சட்டி இப்போது தினமும் மேலே போகிறது. திரும்பி வரும்போது அக்கா வீட்டு நடைவழித் தொட்டியில் அதற்கப்புறம் நட்டு வளர்த்த கறிவேப்பிலை ஒரு கொத்து அதில் இருக்கும். பசாரில் நான் கறிவேப்பிலை வாங்குவதை நிறுத்திவிட்டேன். போன வாரம் வந்த கொத்தில் முழுக்கப் பூச்சி. மேலே போய்க் காட்டினேன்.

"அந்த வெள்ளைக்காரி இலை இலையாப் பாத்தாவே, அப்பிடிப் பாரும்," என்றாள் அக்கா. "நாளைக்குப் புளி கொஞ்சம் கூடப் போடும். உம்மடை குழம்பு சப்பெண்டு கிடக்கு."