மருந்துக்கடை டாக்டர்

கீழ்வேளூர் கடைத்தெருவில் கண்ணுசாமியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். பூச்சிமருந்து விற்கிறவருக்கு அந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்களோ தெரியாது. அவராகவே எடுத்துக்கொண்டதாகத்தான் ஊரில் பேச்சு. விவசாயிகள் ஒரு பிடி நெற்பயிரைப் பிடுங்கி வந்து மேசையில் வைப்பார்கள். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தூரைப் பிரித்துப் பார்த்து, "புகையான் பூச்சி விழுந்திருக்கு. நட்டு எத்தனை நாளாச்சு? வயல்ல தண்ணி நிக்குதா?" என்று விசாரிப்பார். பதில் எதுவானாலும் கை பின்னால் போய் மோனோ என்கிற பூச்சிமருந்துப் பாட்டிலைத்தான் எடுக்கும். பயிர் பிழைத்தால் டாக்டரின் கைராசி. பிழைக்காவிட்டால் பயிரின் தலையெழுத்து.

அந்த மருந்தைப் பூச்சிகள் மட்டும் குடிக்கவில்லை என்பது ஊரறிந்த விஷயம். 'மருந்தைக் குடிச்சிட்டாங்க' என்றால் எந்த மருந்து என்று இந்தப் பக்கத்தில் யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட சாவுகளுக்குக் கண்ணுசாமி தவறாமல் மாலையோடு போவார். பாட்டில் எந்தக் கடையில் வாங்கியது என்பதை மட்டும் விசாரிக்க மாட்டார்.

ஒரு சம்பாப் பருவத்தில் அரசாங்கம் மோனோவையும் அதன் பங்காளிகள் சிலவற்றையும் இரண்டு மாதத்துக்குத் தடை செய்தது. தற்கொலைகளைக் குறைக்கத்தான் என்று காரணமும் சொன்னது. கண்ணுசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ரெண்டு மாசத்துக்கு யாரும் சாகக்கூடாதாம், அப்புறம் அவரவர் சௌகரியமாம் என்று டீக்கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். இருப்புக்குச் சீல் வைக்க வந்த வேளாண்மை அலுவலர் கயல்விழியிடமும் வாதாடினார். சாக நினைத்தவனை யாரால் தடுக்க முடியும் என்பது அவர் கட்சி.

"சாகணும்கிற வேகம் பல பேருக்குப் பத்து நிமிஷம்கூட நிக்காது சார்," என்றார் கயல்விழி. "அந்த நேரத்துல இது கைக்கு எட்டக்கூடாது. அவ்வளவுதான்."

அன்றிலிருந்து பத்து நிமிஷம் என்பது கடைத்தெருவில் ஒரு கேலிப்பேச்சாயிற்று. டீ வரத் தாமதமானால்கூட, "பத்து நிமிஷத்துல கோவம் போயிடும்" என்பார் டாக்டர். அவருடைய சிரிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. சீல் வைக்க வருமுன்பே ஒரு பெட்டி மோனோவை வீட்டுக்குக் கடத்தி, பின்னறைக் கட்டிலுக்கடியில் சாக்கைப் போட்டு மூடியிருந்தார். அது என்னவென்று மனைவி அம்சத்திடம்கூடச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில் மகள் எழில்மொழிக்கு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டார். கும்பகோணத்தில் மொத்த மருந்து வியாபாரியின் பையன். வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்தபடியே சொன்னார்.

"என்னைக் கேட்டீங்களாப்பா?" என்றாள் எழில்மொழி.

"உன்னை என்ன கேக்கறது? சோத்தைப் போடு."

அவள் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு அறைந்து சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது. கண்ணுசாமி சாம்பாரை ஊற்றிப் பிசைந்தார். சாத்தியது பின்னறைக் கதவு என்பது மூன்றாவது கவளத்தில்தான் அவருக்கு உறைத்தது.

எச்சில் கையோடு ஓடினார். கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை. கட்டிலுக்கடியில் இருப்பதைத் தொடாதே என்று கத்த வாயைத் திறந்தவர், அப்படியே நிறுத்திக்கொண்டார். அங்கே ஒன்று இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதே! தெரியாமல் இருந்தால் சொல்வது ஆபத்து. தெரிந்திருந்தாலோ, சொல்லாமல் இருப்பது ஆபத்து. ஆயுள் முழுக்கக் கடையில் வாய் ஓயாமல் சொல்லி விற்ற பொருளின் பெயரைத் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே அவரால் சொல்ல முடியவில்லை. ஏன் இப்படி வேர்க்கிறது என்று அம்சம் கேட்டாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முள் நகரவே மாட்டேன் என்றது. பத்து நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. கதவில் சாய்ந்தார்.

"அந்தச் சம்பந்தம் வேண்டாம்மா. நான் சொன்னது தப்பு. கதவை மட்டும் தொற."

தாழ்ப்பாள் விலகியது. எழில்மொழி அழுத கண்ணோடு, கையில் செல்போனோடு நின்றாள். இவ்வளவு நேரமும் சிநேகிதியிடம் அப்பாவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அவளைத் தாண்டிப் போய்க் கண்ணுசாமி கட்டிலுக்கடியில் கைவிட்டார். பெட்டி பிரிக்காமல் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேம்பினார்.

"அந்தச் சம்பந்தத்து மேல அவ்வளவு ஆசையாப்பா?" என்று கேட்டாள் மகள்.

மறுநாள் காலையில் பெட்டியைக் கயல்விழியிடம் ஒப்படைத்தார். கணக்கில் விட்டுப்போனது என்றார். கயல்விழி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பெட்டியை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதத்துக்குப் பிறகு தடையை எடுத்துவிடுவார்களா என்று விசாரித்தார் கண்ணுசாமி. பெட்டி திரும்பக் கிடைக்குமா என்று கேட்கிறார் போலும் என நினைத்து, "கவலைப்படாதீங்க சார்" என்றார் கயல்விழி.

டாக்டரின் வைத்தியம் இப்போதும் நடக்கிறது. கூட்டம்தான் கொஞ்சம் குறைவு. புகையானுக்கு மருந்து கேட்டுப் பயிரோடு வருகிறவர்களிடம் கண்ணாடியை இறக்கித் தூரைப் பார்க்கிறார். நட்ட நாளைக் கேட்கிறார், தண்ணீரைக் கேட்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்கிறார்:

"வீட்ல யாராவது கோவமா இருக்காங்களா?"