ஏழு வயதுக் கோடு

எங்கள் குடும்பத்தில் சின்னம்மாவின் தொழிலுக்குப் பெயர் இருக்கவில்லை. அம்மாவின் தங்கை அவர். ஆசிரியையாகத் திரும்பி வருவார் என்று நம்பி லண்டனுக்கு அனுப்பினார்களாம். அவரோ வீட்டின் உட்புறத்தை எப்படி அமைப்பது என்று படித்துவிட்டு வந்து நின்றார். "வீடு கட்டப் படிக்கலாம். உள்ளுக்குக் கதிரை அடுக்கிறதுக்கும் ஒரு படிப்போ?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. யாராவது விசாரித்தால் அப்பா, "கர்ட்டன் சம்பந்தமான வேலை" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். இரண்டு கல்யாணப் பேச்சுகள் அந்தக் கர்ட்டனில் சிக்கியே நின்றுபோனதாகக் கேள்வி.

அந்த நாளில் கொழும்பின் பணக்கார வீடுகள் எல்லாம் ஒரே அச்சுத்தான். கறுத்த மரத் தளபாடம், சிவப்பு வெல்வெட், கண்ணாடி அலுமாரிக்குள் ஒருநாளும் தேநீர் ஊற்றப்படாத கோப்பைகள். சின்னம்மா அந்த வீடுகளுக்குள் பன்பாயையும் பனையோலைப் பெட்டியையும் கொண்டுபோனார். பெட்டியைக் கவிழ்த்து உள்ளே விளக்கைப் போட்டார். பெரிய ஹோட்டல் ஒன்றின் வரவேற்புக் கூடத்தில், நாங்கள் மாவரித்து வைக்கிற சுளகு வரிசையாகச் சுவரில் தொங்கியதைப் பார்த்துவிட்டு அம்மா வெட்கத்தால் தலைகுனிந்து வந்தார். இன்றைக்குக் கொழும்பில் எந்தக் கோப்பிக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு சுளகு தொங்குகிறது. அதை மாட்டியவருக்குச் சின்னம்மாவைத் தெரிந்திருக்காது.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓர் அறையைத் தொடுவதற்கு முன் யாரையாவது வெளியே அனுப்புவார். கதவைத் திறந்து உள்ளே வந்து, மூன்று எண்ணும்வரை பார்த்து, பிறகு கண்ணை மூடி, கண்டதைச் சொல்லவேண்டும். வீட்டுச் சொந்தக்காரர், தச்சர், தேநீர் கொண்டுவருகிறவர் என்று யார் அகப்பட்டாலும் விடமாட்டார். ஆட்கள் அறையைப் பார்ப்பது மூன்று எண்ணும்வரைதானாம். அதற்குப் பிறகு கண்டதையே திரும்பத் திரும்பக் காண்கிறார்களாம்.

எனக்கு எட்டு வயது நடந்தபோது இந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. கொழும்பு வெள்ளவத்தையில் கடலை நோக்கிப் போகும் ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், நான் பிறக்க முன்பிருந்தே எங்கள் வீடு. ரயில் போனால் அலுமாரிக் கண்ணாடி அதிரும். வடக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருடம் பெரியம்மாவின் மகன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கினார். பத்தொன்பது வயது. அவரைக் கனடாவுக்கு அனுப்பப்போவதாக ஏஜென்சிக்காரன் ஒருவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அடுத்த வெள்ளிக்கிழமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். வருகிற வழியில் அண்ணாவின் அடையாள அட்டை தொலைந்துவிட்டது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்த துண்டு ஒன்று மட்டும் கையில் இருந்தது. அண்ணா ஹோலில் பாய் விரித்துப் படுப்பார். அவருடைய சூட்கேஸ் கயிறு கட்டியபடியே வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றது.

ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது கீழ்மாடியில் அழுகைச் சத்தம் கேட்டது. அங்கே தங்கியிருந்த பொடியன் ஒருவனைச் செக்கிங்குக்கு வந்த பொலிஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். "வாசலிலேயே பயணப் பையைக் கண்டிட்டு, ஆர் புதுசா வந்தது எண்டு கேட்டவங்களாம்," என்று அம்மா தொலைபேசியில் சொன்னது மட்டும் எனக்குக் கேட்டது. அன்று பின்னேரமே, பக்கத்துப் பகுதியான பாமன்கடையில் குடியிருந்த சின்னம்மா அளவு நாடாவோடு வந்து இறங்கினார்.

"பிள்ளை, வெளியில போய் நிண்டு உள்ள வா. மூண்டு எண்ணு. கண்ணை மூடு. என்ன கண்டனி?"

"சூட்கேஸ்," என்றேன். "பாய். அண்ணான்ர கால்."

"கெட்டிக்காரி," என்றார் சின்னம்மா. சூட்கேஸ் போயிற்று. பாய் போயிற்று. மறுபடி வெளியே போனேன். இந்த முறை அலுமாரிக்கு மேலே இருந்த பொதிகளைக் கண்டேன், அவையும் போயின. மூன்று நாளாக ஒவ்வொரு பின்னேரமும் இதே வேலை. ஹோட்டல்காரர்கள் காத்துக்கிடக்கிற மனுசி என்னிடம் கேட்டுக் கேட்டு வீட்டை மாற்றுகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் படிப்பு மேசை எல்லாருக்கும் தெரியும்படி ஹோல் நடுவுக்கு வந்தது. தடித்த திரைச்சீலையைக் கழற்றிவிட்டார். சாமிப் படத்தை உள்ளே கொண்டுபோக அம்மா தூக்கியபோது சின்னம்மா தடுத்தார்.

"இருக்கட்டும் அக்கா. நாங்கள் ஆர் எண்டு அவங்களுக்குத் தெரியும். ஒளிக்கிற வீட்டைத்தான் கிண்டிப் பாப்பாங்கள்."

யார் கிண்டுவார்கள், எதற்குக் கிண்டுவார்கள் என்று கேட்டேன். "போய்ப் படி," என்றார்கள் இரண்டுபேரும் ஒரே குரலில்.

அதன்பிறகு நடந்தவைதான் இன்னும் விசித்திரம். சின்னம்மா அண்ணாவுக்கு உட்காரப் பழக்கினார். பத்தொன்பது வயது ஆளுக்கு! "கதிரை நுனியில இருக்காதை. விருந்துக்கு வந்த ஆக்கள்தான் அப்பிடி இருக்கிறது. சாய். காலை நீட்டு. இன்னும் நீட்டு." அண்ணாவின் பல்துலக்கி எங்கள் கோப்பைக்குள் வந்தது. அவருடைய துவாய் பல்கனிக் கொடிக்குப் போனது. தொலைக்காட்சிக்கு மேலே என் முதலாவது பிறந்தநாள் படம் இருந்த இடத்தில், அரைக்காற்சட்டையோடு பல்லில்லாமல் சிரிக்கும் அண்ணாவின் சின்ன வயதுப் படம் வந்து குந்திக்கொண்டது. என் படம் எங்கே என்று கேட்டதற்கு, "உன்னைத்தான் நேரிலயே பாக்கிறமே," என்றார் சின்னம்மா. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒருவரும் கவனிக்கவில்லை.

எங்கள் சமையலறைக் கதவு நிலையில் அப்பா ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் என் உயரத்தைக் கோடு போட்டு, பெயரின் முதலெழுத்தும் வயதும் எழுதி வைத்திருந்தார். கண்ணாடி அலுமாரி பாதி மறைத்துக்கொண்டு நின்றதால் வருகிறவர்களுக்குக் காட்ட முடியாதே என்று எனக்கு ஒரு குறை. சின்னம்மா அலுமாரியை மற்றப் பக்கச் சுவருக்குத் தள்ளினார். வாசலில் நின்றாலே என் கோடுகள் தெரிந்தன. பிறந்தநாள் படத்துக்காக அவரை மன்னித்துவிட்டேன்.

ஆனால் அடுத்தநாள் பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தால் என் கோடுகளுக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை. அண்ணாவின் முதலெழுத்து. நாலு, ஐந்து, ஆறு என்று பத்துவரை. சில பென்சிலில், சில நீலப் பேனாவில், ஒன்று மட்டும் பச்சையில். பழையதாக, மங்கலாகத்தான் இருந்தன. நிலையில் ஒரு தேயிலை மணம் வந்தது. அண்ணா தேநீரைச் சிந்திவிட்டார் போல என்று நினைத்தேன்.

"இது எப்ப வந்தது?"

"எப்பவோ இருந்தது. அலுமாரி மறைச்சுக்கொண்டு நிண்டது," என்றார் சின்னம்மா. "நீ பிறக்க முதல், பத்து வயசு வரைக்கும் அண்ணா இஞ்சதானே நிண்டவன்."

எனக்குத் தலை சுற்றியது. எனக்கு முன்பே இந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்திருக்கிறது! அதற்கும் அப்பா கோடு போட்டிருக்கிறார்! அம்மாவைப் பார்த்தேன். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாவிடம் போய்க் கேட்டேன். "சின்னம்மா சொன்னா சரிதான்," என்று சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்தார். ஆனால் பத்து வயதுவரை இந்த வீட்டில் வளர்ந்த மனுசனுக்குச் சமையலறை சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரியாது. குளியலறைக் குழாயை இடப்பக்கம் திருகினால்தான் தண்ணீர் நிற்கும் என்பது தெரியாது. யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடைசியில், அண்ணாவுக்கு ஞாபகசக்தி குறைவு என்ற முடிவுக்கு வந்து, பாவம் என்று விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு ஆறுதல்தான் எனக்கு இருந்தது. ஏழு வயதுக் கோட்டில் அண்ணா என்னைவிட ஒரு விரலளவு கட்டை. மற்ற எல்லா வயதிலும் அவர்தான் உயரம். ஏழில் மட்டும் நான் வென்றுவிட்டேன். சின்னம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாருங்கோ, ஏழில நான்தான் உயரம்!"

சின்னம்மா கிட்டே வந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஓம், உண்மைதான். அவன் அந்த வருசம் சாப்பிடாமல் குழப்படி செய்தவன்," என்றார். அதை நான் பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொன்னேன். அடுத்த வீட்டுச் சிங்கள அன்ரியிடமும் சொன்னேன். அண்ணாவிடம் ஒரு நாளைக்கு இரண்டு தரமாவது சொன்னேன். அண்ணா கோபிக்கவே இல்லை, அதுவும் எனக்கு விளங்கவில்லை.

அவர்கள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீடு முழுக்க மீன்குழம்பு வாசம். நான் என் மேசையில் படம் கீறிக்கொண்டிருந்தேன். அண்ணா சாரம் கட்டிக்கொண்டு காலை நீட்டி இருந்து அம்மாவுக்குப் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வேலையைச் செய்யும்படி சின்னம்மாவின் கட்டளை. கதவு தட்டுப்பட்டது. அப்பா திறந்தார். வாசலில் ஒரு பொலிஸ் அதிகாரி, பின்னால் தோளில் துவக்கு மாட்டிய இரண்டுபேர். அதிகாரி நின்று பார்த்தார். நான் பழக்கதோஷத்தில் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.

அப்பா, வீட்டு ஆட்களைப் பொலிஸில் பதிந்த படிவத்தைக் காட்டினார். அம்மாவின் அட்டை, தன் அட்டை, அண்ணாவின் பொலிஸ் துண்டு. அதிகாரி துண்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அட்டை இல்லாத ஆளைச் சும்மா விட்டுவிட்டுப் போகமுடியாது, ஸ்டேஷனுக்கு வந்து ஒரு சொல் கதைத்துவிட்டு வரட்டும் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அப்பாவின் சிங்களம் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. அண்ணா எழுந்து நின்றார். பயற்றங்காய் எல்லாம் நிலத்தில் கொட்டுண்டன. அம்மா பொறுக்கக் குனியவில்லை. சாமான் விழுந்தால் அம்மா குனியாமல் நின்றதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அதிகாரியின் கண் சமையலறைப் பக்கம் போனது. கதவு நிலையில் நின்றது. என்னைப் பார்த்து, மகளே என்பதுபோல, "துவ, அது என்ன, உம்முடைய கோடா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

இந்தக் கேள்விக்காகத்தானே நான் கிழமைக்கணக்காகக் காத்திருந்தேன்! பாய்ந்து போய் நிலையில் கையை வைத்தேன். அன்ரி வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்த சிங்களம் தண்ணீராக ஓடிவந்தது. அதில் அண்ணா என்றால் அய்யா. இது நான், அது அய்யா, எல்லாவற்றிலும் அய்யாதான் உயரம், ஆனால் ஏழில் பாருங்கோ, ஏழில் நான்தான் உயரம், அய்யா அந்த வருசம் சாப்பிடாமல் குழப்படி செய்தவர், அதுதான் கட்டையாகப் போனவர் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அதிகாரி குனிந்தார். இரண்டு கோட்டுக்கும் இடையில் விரலை வைத்து அளந்தார். பிறகு அண்ணாவைத் திரும்பிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். "தங்கச்சியிடம் தோற்றுப் போயிருக்கிறாயே," என்றார். தன் மகளும் இப்படித்தான், கோட்டில் ஏமாற்றக் கால்விரல் நுனியில் நிற்பாள் என்றார். துண்டை அப்பாவின் கையில் கொடுத்து, அட்டையைக் கெதியாக எடுக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

கதவு மூடியதும் அம்மா என்னை இழுத்துக் கட்டிப்பிடித்து அழுதார். அண்ணா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். உயரமாக வளர்ந்ததற்கு இவ்வளவு பெரிய பாராட்டா என்று எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அடுத்த மாதம் ஏஜென்சிக்காரனின் வெள்ளிக்கிழமை ஒருவழியாக வந்தது, அண்ணா போய்விட்டார். கீழ்மாடிப் பொடியனைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பிறகு கதைக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து அந்த வீட்டை விற்றபோது, வெறும் ஹோலில் நின்று அந்தக் கோடுகளைப் பார்த்தேன். அப்போது எனக்கும் ஒரு மகள் இருந்தாள். அப்பாவின் கையெழுத்தில் வருகிற ஏழும், அண்ணாவின் கோட்டில் இருந்த ஏழும் ஒன்றல்ல என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. அங்கிருந்தே சின்னம்மாவுக்கு அழைத்தேன். அந்த நேரம் அவர் பெரிய ஆள். உள்ளக அலங்காரத்தில் இந்த நாட்டின் முன்னோடி என்று பத்திரிகையில் எழுதி, அவர் அமைத்த ஹோட்டல்களின் பட்டியலும் போட்டிருந்தார்கள். மூன்றாம் மாடியில் இருந்த எங்கள் வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

"சின்னம்மா, மற்ற எல்லாத்திலயும் அண்ணாவை உயரமாப் போட்டிட்டு, ஏழில மட்டும் ஏன் கீழ போட்டனீங்கள்?"

"உனக்குப் பொய் சொல்ல வராது," என்றார். "பெருமை நல்லா வரும்." பிறகு, "எட்டு வயசுப் பிள்ளையை அவங்களுக்கு முன்னால விட்டிட்டன் எண்டு எத்தினை நாள் நித்திரை இல்லாமல் கிடந்தனான் தெரியுமே," என்றார். எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தோன்றியது. வரவில்லை. அழுகைதான் வந்தது.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அம்மா தொலைபேசியில் சொன்னதும் சின்னம்மா பாமன்கடையிலிருந்து ஓடிவந்தார். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. வந்ததும் வராததுமாக நான் நிலையோடு ஒட்டி நின்றுகொண்டு, "என்னை இப்ப அளவுங்கோ, நான் இன்னும் வளந்திட்டன்," என்று அடம்பிடித்தேன். அவர் பென்சிலை எடுத்து என் தலைக்கு மேலே வைத்தார். நான் விலகித் திரும்பிப் பார்த்தேன். கோடு புழு நெளிந்தது போல வளைந்து கீழே போயிருந்தது. அடிமட்டம் இல்லாமலே நேர்கோடு போடுகிறவர் என்று ஊரெல்லாம் பேர்; ஒரு சின்னக் கோட்டைக்கூட ஒழுங்காகக் கீறத் தெரியவில்லையே என்று நான் கைகொட்டிச் சிரித்தேன்.