சண்முகவடிவு பழக்கிய சுங்கான்

திருச்சுழிக் கடைத்தெருவில் மளிகைக்கடை வெள்ளத்துரையைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் மனைவி சண்முகவடிவைத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. காரணம் அந்த அம்மாளின் கை. தெருவில் யார் புதுப்பாத்திரம் வாங்கினாலும் முதலில் அது அவள் அடுப்படிக்குத்தான் வந்து சேரும். மண்சட்டி என்றால் வடிகஞ்சி ஊற்றி ஊறப்போடுவாள். ஆட்டுரல் என்றால் தவிட்டைப் போட்டு ஆட்டிக் கல்மண் போக்குவாள். தோசைக்கல் என்றால் நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்துத் தேய்த்து, கல் அவள் சொன்னபடி கேட்கிறவரை விடமாட்டாள். கூலி ஒன்றும் கிடையாது. ஆனால் பக்கத்தில் நின்று யாராவது அவசரப்படுத்தினால் கல்லைத் தூக்கிக் கையில் கொடுத்துவிடுவாள்.

"ஓங் கல்லு ஓன் வீட்லயே பழகட்டும் தாயி. எங் கைக்கு அவசரம் ஆகாது."

கடைக்குச் சொந்தக்காரி என்பதால் அவளுக்கு ஒரு சலுகை உண்டு. நல்ல காட்டமான வாய்ப்புகையிலையாகப் பார்த்து எடுத்து முந்தியில் முடிந்துகொள்வாள். கன்னத்தில் ஒரு துணுக்கு எப்போதும் ஒதுங்கிக் கிடக்கும். வெள்ளத்துரைக்கு அந்தப் பழக்கமெல்லாம் இல்லை. பீடிக்கட்டை எடுத்துக் கொடுத்தால்கூடக் கையை வேட்டியில் துடைத்துக்கொள்கிற மனிதர்.

இந்த அம்மாளுக்கு ஒரே மகள், கஸ்தூரி. அவளை அறுபத்தெட்டாம் வருஷம் தை மாதம் மதுரையில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை தனுஷ்கோடி ஒரு மில் ஆபீசில் வேலை பார்க்கிறார். நல்ல பையன்தான். ஆனால் மாப்பிள்ளை அழைப்பு அன்று அலங்காரம் பண்ணின கார் குண்டாற்று மணலில் சிக்கிக்கொண்டது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே இறங்கித் தள்ள வேண்டியதாகிவிட்டது. மணலைக் கொண்டுவந்து கொட்டியது மாமனார்தான் என்பதுபோல அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கியவர், இறக்கவேயில்லை. மாமனார் வீடு என்றால் நுனிநாற்காலியில் உட்காருவார், அரை டம்ளர் காப்பியோடு எழுந்துவிடுவார். இந்த மாப்பிள்ளைமார்களுக்கு யார் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கிறார்களோ தெரியவில்லை.

கல்யாணமான சில மாதங்களில் கஸ்தூரி முழுகாமல் இருந்தாள். சேதி வந்த அன்றைக்கே சண்முகவடிவு பழஞ்சேலைகளைத் துவைத்து மடித்துவைக்க ஆரம்பித்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே. ஆனால் மாப்பிள்ளை வேறுவிதமாகச் சொல்லியனுப்பினார். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதாம், அந்தப் பொட்டல்காட்டுக்கு எதற்கு அனுப்ப வேண்டும் என்றாராம். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குப் புகையிலை ருசிக்கவில்லை. மகளுக்குத் தன் கையால் வெந்நீர் ஊற்ற முடியாமல் போய்விடுமோ என்ற பயம் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

நேரில் கேட்டுவிடலாமே என்றால் அதற்கும் வழியில்லை. மாமியார் மாப்பிள்ளை எதிரில் வந்து நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று, கேட்க வேண்டியதைப் புருஷன் வாயால் கேட்க வேண்டும். வெள்ளத்துரையின் வாயோ மாப்பிள்ளையைக் கண்டதும் ஒட்டிக்கொள்ளும்.

தலைதீபாவளி நெருங்கியது. சீர் விஷயமாக மதுரைக்குப் போய்வந்த வெள்ளத்துரை, காரியாபட்டி பஸ்ஸை விட்டு இறங்கும்போது சட்டைப்பைக்குள் ஒரு சின்னப் பெட்டியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு வந்தார். உள்ளே ஒரு சுங்கான். மரத்தில் கடைந்து மெருகேற்றியது.

"அவுக மேனேஜரு இதுலதான் பொகை விடுவாராம். இவுகளுக்கும் ஆசை, வாய்விட்டுக் கேக்க மாட்டாகன்னு கஸ்தூரி சொல்லுச்சு. பைப்புன்னு பேரு" என்றார்.

சண்முகவடிவு சுங்கானின் கிண்ணத்துக்குள் பார்த்தாள். உள்ளே கன்னங்கரேலென்று இருந்தது. "ஏங்க, பழசத் தலையில கட்டிட்டான்."

"பழசில்ல. அது பூச்சு. நெருப்பு பட்டா மரம் கருகாம இருக்க உள்ள பூசி விக்காக. ஆனா மொதல்ல அந்தப் பூச்சு கசக்குமாம். கொஞ்சம் போட்டு மெதுவாக் குடிச்சு, ஆறவிட்டு, மறுநா இன்னங் கொஞ்சம் கூடப் போட்டுன்னு நெதம் குடிச்சா உள்ள கரி ஏடாப் படியுமாம். அதுக்கப்புறம் இனிக்குமாம். கடைக்காரரு சொன்னாரு."

அவள் சுங்கானைக் கீழே வைக்கவில்லை. "அப்ப மாப்பிள்ளைக்கு மொதல்ல கசப்பாத்தான் இருக்கும்."

"ஆமா."

"புதுக்கல்லுல மொதத் தோசை பிஞ்சுக்கிட்டுத்தான் வரும். அதயா கொண்டுபோய் விருந்தாளி தட்டுல வைப்பாக? தீபாவளி அன்னைக்கு வாய் கசந்துச்சுன்னா நம்ம பேச்சு ஏறுமா? பழக்கித்தான் குடுக்கணும்."

வெள்ளத்துரை பதறிப்போனார். மாப்பிள்ளைக்கு எச்சில் சுங்கானைக் கொடுப்பதா? கார் தள்ளவிட்டதற்கே இந்தப் பாடு. சண்முகவடிவு சுங்கானில் வாய் வைக்கிற கறுப்புக் குழலைத் திருகினாள். அது தனியே கழன்று வந்தது. அதைப் புதுத்துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். பிறகு கொல்லையில் குளிக்கிற தண்ணீர் பாயும் இடத்தில் நின்ற பப்பாளி மரத்திலிருந்து ஓர் இலைக்காம்பை ஒடித்து, நிழலில் காயப்போட்டு, நுனியைச் சீவி, நூல் சுற்றி, சுங்கானின் துவாரத்தில் சொருகினாள்.

"நம்ம வாய் படுறது பப்பாளில. மாப்பிள்ளை வாய் படுறது அரிசிப் பானையில இருக்கு. இதுல எச்சி எங்க வந்துச்சு?"

"பொகை?"

"பொகைக்கு ஏதுங்க எச்சி. அடுப்பூதுறேன், அந்தப் பொகையெல்லாம் எச்சின்னா நீங்க சோறே திங்க முடியாது."

ஆண்பிள்ளைக் காரியம் என்று வெள்ளத்துரையேதான் முதலில் பற்றவைத்தார். ஓர் இழுப்புத்தான் இழுத்தார். கண் சிவந்து, இருமி, கொல்லைப் பக்கம் ஓடி, எலுமிச்சைத் தண்ணீர் குடித்துப் பாயில் விழுந்தவர், சாயங்காலம் வரை கடை திறக்கவில்லை. தீபாவளிச் சரக்கு வாங்க வந்த கூட்டம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போயிற்று.

மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான்.

மறுநாள் அடுப்படிக் கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு சண்முகவடிவு உட்கார்ந்தாள். புதுசு என்று ஒன்று கையில் வந்ததும் கை தானாகவே எண்ணெய்ச் சொம்புக்குப் போயிற்று. கிண்ணத்தின் உள்ளே நல்லெண்ணெயைத் துளி தொட்டுத் தடவி, வெங்காயத்தால் நன்றாக ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்ட பிறகுதான் இது தோசைக்கல் இல்லை என்ற நினைவே வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு துணியால் துடைத்தாள். துடைத்தால் எண்ணெய் போகும், வெங்காயம் போகுமா?

அடுத்தது அதைவிட மோசம். சுங்கானோடு வாங்கிவந்த சீமைப் புகையிலைத் தூளைப் போட்டு, அடுப்பிலிருந்து கங்கு எடுத்து வைத்து, காம்பை வாயில் வைத்தாள். வைத்ததும் ஊதிவிட்டாள். புத்தி வந்த நாள் முதல் ஊதாங்குழல் பிடித்தவள். குழல் வாயில் பட்டால் ஊதத்தான் வரும். கங்கும் தூளும் பறந்து பக்கத்தில் கொதித்துக்கொண்டிருந்த புளிக்குழம்பில் விழுந்தன. அன்றைக்குக் குழம்பு ஒரு தினுசாக இருக்கிறதே என்று வெள்ளத்துரை கேட்டார். மழைக்கு மிளகாய் வத்தல் நமத்துப்போச்சு என்று சொல்லிவிட்டாள்.

இழுக்கப் பழகியதும் சிரமமில்லை. புகையிலையோடு வாழ்ந்த வாய்க்கு அந்தக் கசப்பு ஒரு பொருட்டா? கல்லைப் பழக்குகிற அதே நிதானம்தான். கிண்ணம் கையைச் சுட்டால் நிறுத்திவிடுவாள். ஆறவிட்டு மறுநாள்தான் அடுத்தது. தினம் தினம் கொஞ்சம் கூடுதலாகத் தூளைப் போட்டாள். உள்ளே கரி ஏடாகப் படிந்தது. அதைச் சுரண்டக் கூடாது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பழகின கல்லை யாராவது சுரண்டுவார்களா? கடைசியில் ஒருநாள் புகை கசக்காமல் வந்தது. லேசான இனிப்பு, அதற்கு அடியில் எங்கேயோ தோசை வாசனை. அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. சுங்கானைத் துடைத்து வைக்கும்போது கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வீட்டுச் செல்லக்கிளிதான் மோப்பம் பிடித்து வந்தாள். "என்ன மதினி, ஓங்க வீட்ல ஆபீசரு யாரும் தங்கியிருக்காகளா? தெருவெல்லாம் சீமை வாசமா இருக்கு."

"சாம்பிராணி. புதுசா வந்திருக்கு."

"கடையில கேட்டா அண்ணன் இல்லைங்காக."

"தீந்துபோச்சு" என்று கதவைச் சாத்தினாள்.

தீபாவளி விடிந்தது. எண்ணெய்க் குளியல் முடிந்து மாப்பிள்ளை நுனிநாற்காலியில் உட்கார்ந்தார். பட்டு வேட்டித் தாம்பாளத்தில் சுங்கான் பெட்டியைப் பார்த்ததும் அவர் முகம் மலரவில்லை, வெளுத்தது. காரணம் இருந்தது. ஏற்கெனவே ரகசியமாக ஒரு சுங்கான் வாங்கிப் பற்றவைத்து, பூச்சுக் கசப்பில் நாக்கு வெந்துபோய், அதை வைகையில் வீசிவிட்டு வந்தவர் அவர். ஆசை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். மாமனார் எதிரில் குடிக்கத் தயங்குகிறவர்போல வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, தூளைப் போட்டு, மருந்து குடிக்கிற முகத்தோடு இழுத்தார்.

கசக்கவில்லை. இன்னோர் இழுப்பு இழுத்தார். கதவிடுக்கில் சண்முகவடிவு கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை கிண்ணத்துக்குள் குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்தார்.

"மாமா, இது புதுசில்ல. யாரு குடிச்சது இது?"

வெள்ளத்துரையின் வாய் வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த சண்முகவடிவு, கதவுக்குப் பின்னால் இருந்தபடியே பேசிவிட்டாள். மாப்பிள்ளையிடம் அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"குடிச்சதில்ல மாப்பிள, பழக்குனது. நீங்க வாய் வைக்கிற குழலு அரிசிப் பானைய விட்டு இன்னைக்குத்தான் வெளிய வந்துச்சு. பப்பாளிக் காம்பச் சொருகித்தான் இழுத்தது. மொதத் தோசைய ஓங்க தட்டுல வைக்க மனசு வரல. அவ்வளவுதான்."

"இழுத்தது யாரு?"

கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கி, காலடிச் சத்தம் அடுப்படிப் பக்கம் ஓடிற்று. அதிலேயே பதில் இருந்தது. கஸ்தூரிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினாள், அடங்கவில்லை. மாப்பிள்ளை முறைக்கத்தான் பார்த்தார். புகை தப்பான வழியில் போய்ப் புரைக்கேறி, இருமலும் சிரிப்புமாகக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நுனிநாற்காலியில் இருந்தவர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, இதக் குடிச்சதும் என்னமோ பசிக்குது. தோசை இருக்கா?" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிட்ட தோசைக்கு மாவு செல்லக்கிளி வீட்டிலிருந்தும் வந்தது.

இவ்வளவு ஆனபிறகு காரியம் பழுத்துவிட்டது என்றுதான் சண்முகவடிவு நினைத்தாள். ஆனால் பஸ் ஏறும்போது மாப்பிள்ளை மாமனாரிடம், "ஆஸ்பத்திரில சொல்லிவச்சாச்சு மாமா. பிரசவம் மதுரையிலதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பிடிவாதம் அவருக்கு. சண்முகவடிவு அன்று சாயங்காலம் பாத்திரம் துலக்கிக்கொண்டே அழுதாள். பழஞ்சேலைகளை எடுத்துப் பரணில் போட்டாள்.

தை பிறந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்திருந்த சமயம், மாப்பிள்ளை தனியாகப் பஸ்ஸைவிட்டு இறங்கி நேராகக் கொல்லைப்பக்கமாக அடுப்படிக்கே வந்து நின்றார். கையில் சின்னப் பெட்டி. சண்முகவடிவு பதறி எழுந்து கதவைத் தேடினாள். அந்தப் பக்கம் கதவே இல்லை.

"அத்தை, எங்க மேனேஜரு புதுப் பைப்பு வாங்கியிருக்காரு. கசக்குதாம். என் பைப்ப வாங்கி இழுத்துப் பாத்துட்டு, இந்த வாசம் எப்பிடி வந்துச்சுன்னு விடமாட்டேங்காரு. மாமனார் ஊர்ல ஒரு ஆள் இருக்காகன்னு சொல்லிட்டேன். எனக்குப் பிரமோஷன் அவரு கையிலதான் இருக்கு."

அவள் முந்தியைச் சரிசெய்துகொண்டு பெட்டியைத் திறந்தாள். கறுப்புப் பூச்சை விரலால் தொட்டுப் பார்த்தாள். முன்னதைவிட நல்ல மரம், மெல்லிய பூச்சு. பத்துப் பதினைந்து நாளில் பழகிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

"நாளாகும் மாப்பிள."

"எவ்வளவு நாள் அத்தை?"

"பூச்சு கெட்டியா இருக்கு. சித்திரை வரைக்கும் ஆகும்" என்றாள் முகம் மாறாமல். "எனக்கும் முன்னமாதிரி முடியல. பக்கத்துல இருந்து பாத்துக்கிற ஒரு ஆளு வேணும். வளைகாப்பு முடிஞ்சதும் கஸ்தூரிய இங்க கொண்டாந்து விடுங்க. சித்திரையில ரெண்டையும் சேத்து வாங்கிட்டுப் போங்க."

மாப்பிள்ளை அவளையே பார்த்தார். சித்திரையில் என்ன வருகிறது என்று கணக்குத் தெரியாத ஆளா அவர். சண்முகவடிவு பார்வையைத் தாழ்த்தவில்லை. கடைசியில் அவர்தான் தாழ்த்தினார், உதட்டோரம் சிரிப்போடு. "சரி அத்தை. அவசரமில்ல" என்றார்.

கஸ்தூரி வந்தாள். மேனேஜரின் சுங்கான் தை முடிவதற்குள் இனித்துவிட்டது. மதுரையிலிருந்து ஆள் வரும்போதெல்லாம், இன்னும் பழகவில்லை என்றே பதில் போயிற்று. சித்திரையில் பேரன் பிறந்து, மாப்பிள்ளை வந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான், சண்முகவடிவு அரிசிப் பானைக்குள் கையைவிட்டு மேனேஜர் சுங்கானின் கறுப்புக் குழலை வெளியே எடுத்தாள்.