டயரில் இருந்த எண்ணும் கையில் இருந்த டீயும்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். டயர் எந்த வாரம், எந்த வருடம் தயாரானது என்பதை அந்த எண்தான் சொல்லும். சும்மா கிடந்தாலும் வருடம் போகப் போக ரப்பர் இறுகி, ஓடும்போது வெடிக்கலாம். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டுதான் கோவையில் அந்த டயர் கடைக்குப் போனேன்.

"வாங்க அம்மணி, உக்காருங்க. டீ சாப்பிடுங்க," என்றார் கடைக்காரர். "புது ஸ்டாக்குங்க, நம்பி ஓட்டலாமுங்க."

அவர் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்து எண்ணைப் பார்த்தால், முகத்துக்கு நேரே சந்தேகப்படுவது போல ஆகிவிடும். எங்கள் ஊரில் அதற்கு யாருக்கும் மனம் வராது. நானும் பார்க்காமலே டயரை மாட்டிக்கொண்டு வந்தேன்.

சில மாதங்கள் கழித்து, தாராபுரம் சாலையில், அங்கே வாங்கிய முன் டயர் வெடித்தது. கார் இழுத்துக்கொண்டு போய் வேலியோரம் நின்றது. பக்கத்தில் இருந்த அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். இறங்கி அந்த எண்ணைப் படித்தேன். டயர் ஆறு வருடப் பழசு.

மறுநாள் கடைக்குப் போனேன். சண்டை போடத் தெம்பில்லை. "ஏனுங்க இப்படிச் செஞ்சுபோட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா புதுசையே மாட்டியிருப்பனுங்களே அம்மணி," என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல். டீயும் சொன்னார்.

அதையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.