தவமணி நின்ற இடம்

தவமணி ராசியில்லாதவள் என்று முதலில் சொன்னவன் நான். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் கிடைத்தன. திருத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடுவில் எங்காவது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

இந்த வசந்தத்தில் ஹோர்ஸ்ட் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். ஹனோவரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிக் கூடத்தில் அவர் எங்களுக்கு ஷிஃப்ட் தலைவராக இருந்தவர். இருவரும் ஓய்வு பெற்று வெகுகாலமாகிவிட்டது. படத்தில் அந்தக் கூடம் காலியாக இருந்தது. ஊழியர்களின் சைக்கிள்களை நிறுத்த அதை ஒதுக்கிவிட்டார்களாம். வாசலுக்கு உள்ளே இரண்டடி தள்ளி, தரையில் குறுக்காக ஒரு மஞ்சள் நாடா ஒட்டியிருந்தது. ஓரங்கள் கறுத்து, நடுவில் தேய்ந்து, ஆனாலும் மஞ்சள் என்று தெரிந்தது. கீழே ஹோர்ஸ்ட் எழுதியிருந்தார்: "ஞாபகம் இருக்கிறதா? தவமணிக் கோடு!" பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

படத்துக்கு மணம் கிடையாது. ஆனால் எனக்கு அந்தக் கூடத்தின் மணம் வந்தது. சூடான தூசி, குளிரூட்டியின் ஈரம், ஆறிப்போன காப்பி, அச்சு இயந்திரத்தின் மை. வெளியே பனி கொட்டினாலும் வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே குளிர். நாங்கள் ஸ்வெட்டரைக் கழற்றாமல் இயந்திரங்களுக்குப் பணிவிடை செய்தோம். பணிவிடை என்றுதான் சொல்ல வேண்டும். பெரிய கோயிலில்கூட அத்தனை ஆசாரம் பார்ப்பார்களா என்று தெரியவில்லை.

நடு அலமாரியின் மேல் ஒரு தோட்டக் குள்ளன் பொம்மை உட்கார்ந்திருக்கும். சிவப்புத் தொப்பி, வெள்ளைத் தாடி. அதன் முகம் எப்போதும் கன்சோல் என்கிற இயக்க மேசையைப் பார்த்திருக்க வேண்டும். துடைக்க வருகிறவர்கள் அதைத் திருப்பிவைத்துவிட்டுப் போனால் ஹோர்ஸ்ட் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். கூடத்துக்குள் சீட்டி அடிக்கக் கூடாது. "இன்றைக்கு அமைதியாக இருக்கிறதே" என்று வாய் தவறிச் சொன்னவர் மறுநாள் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம், பல்லாயிரம் பேரின் சந்தாக் கணக்கு ஓடும்போது, எல்லோரும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி அழுத்திப் பிடித்துக்கொள்வோம். ஜெர்மானியர்கள் ஒருவருக்கு நல்லது நடக்க வேண்டும் என்றால் அப்படிச் செய்வார்கள். ஓட்டம் முடிந்து ஹோர்ஸ்ட் உரக்க "விடலாம்!" என்று சொன்ன பிறகுதான் விரலை விட வேண்டும். அதுவரைக்கும் மூக்கு அரித்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் கோயம்புத்தூரில் பொறியியல் படித்தபோது கறுப்புச் சட்டை போட்டு, ஆயுத பூஜையன்று ஆய்வகத்தில் பொரி வாங்க மறுத்தவன். ஹனோவருக்கு வந்த இரண்டாம் வருடம் என் விசைப்பலகையின் அடியில் யாருக்கும் தெரியாமல் குங்குமம் வைத்தேன். தூசி போக அதைத் தலைகீழாகத் தட்டியபோது ஹோர்ஸ்ட் பார்த்துவிட்டார். "நல்லது. உதவி எங்கிருந்து வந்தால் என்ன?" என்றார். கறுப்புச் சட்டைக்காரனுக்குக் கிடைத்த மரியாதை அது.

தவமணி அங்கே வந்து சேர்ந்தது அதற்கும் பிறகு. யாழ்ப்பாணத்துக்காரி. கணவரைச் சண்டையில் இழந்து, மூன்று வயது மகளோடு ஜெர்மனிக்கு வந்தவர். அரசாங்கம் கொடுத்த உம்ஷூலுங் என்ற மறுபயிற்சியில் கணினி இயக்குநர் படிப்பை முடித்திருந்தார். எங்களிடம் அவரைத் தாள் கட்டுகளும் காந்த நாடாச் சுருள்களும் வைக்கும் அறையில் போட்டார்கள். கன்சோலில் உட்கார வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்கான தகுதியும் இருந்தது. இடம் காலியாக வேண்டும், அவ்வளவுதான்.

கூடத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். ஒருநாள் உணவகத்தில் அவர் தன் அண்ணன் வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னார். தாலி கட்டும் நேரத்தில் அவரைச் சமையல்கட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம்.

"புருசன் இல்லாதவள் முன்னுக்கு நிக்கக் கூடாதாம், அண்ணை. பத்துச் சட்டி கழுவினனான்" என்று சிரித்தார். "அதுக்குத்தான் நான் கம்ப்யூட்டர் படிச்சனான். மிசினுக்கு இதெல்லாம் தெரியாதுதானே?"

"தெரியாது" என்றேன். அந்தச் சொல்லை நான் எத்தனை உறுதியாகச் சொன்னேன் என்பது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது.

இங்கே ஒரு சின்னப் பொருளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நாடாச் சுருளின் முதுகில் ஒரு பள்ளம் இருக்கும். அதில் வளையல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் வளையத்தைப் பொருத்தினால்தான் இயந்திரம் அந்தச் சுருளில் எழுதும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான் முடியும். அழியக் கூடாத சுருள் என்றால் வளையத்தைக் கழற்ற வேண்டும். எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது.

அந்த மாதக் கடைசியில் நான்தான் தவமணியை உள்ளே அழைத்தேன். "வந்து பாருங்க, நாளைக்கு நீங்க செய்யப்போற வேலைதானே" என்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். நான் ஒரு பேராசிரியரைப் போல விளக்கிக்கொண்டே வேலை செய்தேன். கேட்க ஆள் கிடைத்துவிட்டால் எனக்கு உலகம் மறந்துபோகும். போன மாதத்து மூலச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு அதன் அருமையை அவருக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டே, வளையத்தைக் கழற்றாமல், அந்தச் சுருளை மாட்டக் கூடாத இயந்திரத்தில் மாட்டினேன்.

சில நிமிடங்கள் எல்லாம் நன்றாகத்தான் ஓடியது. சுற்றிலும் எல்லோரும் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு கன்சோல் மணி அடித்தது. ஹோர்ஸ்ட் திரையைப் படித்தார். அவர் கழுத்து சிவந்து, பிறகு வெளுத்தது. மூலச் சுருளின் மேல் புதுக் கணக்கு எழுதப்பட்டுவிட்டது. பழையது இல்லை.

நான் ஓடிப்போய்ச் சுருளை எடுத்தேன். என் முதுகு அவர்கள் பக்கம் இருந்தது. பெருவிரலால் வளையத்தை நெம்பி எடுத்து கால்சட்டைப் பைக்குள் போட்டேன். ஒரு நொடி வேலை. பிறகு சுருளைத் தூக்கிக் காட்டினேன்.

"வளையம் இல்லை. பாருங்கள். இருந்தும் எழுதியிருக்கிறது."

"முடியாதே" என்றார் ஹோர்ஸ்ட்.

"முடியாதுதான்" என்றேன் நானும்.

என் வேலை நிரந்தரமாவது அந்த மாதம் முடிவாக இருந்தது. அது கிடைக்காவிட்டால் விசாவும் இல்லை. இது சாக்கு அல்ல. அன்று என் மனதில் ஓடியது அது என்பதற்காகச் சொல்கிறேன்.

பழுது பார்க்க வந்தவர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்காமல், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மின்சுற்றுப் பலகையை மாற்றிவிட்டுப் போனார். அழிந்த கணக்கைத் திரும்பக் கட்ட எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையும் வந்தோம். காப்பி குடிக்கும்போது ஒரு இளைஞன் கேட்டான்: "நேற்று மட்டும் வேறாக என்ன இருந்தது? குள்ளன்கூட நேராகத்தான் இருந்தான்."

யாராவது எதையாவது சொல்லியே ஆக வேண்டிய நிமிடம் அது. என் பைக்குள் வளையம் தொடையில் உறுத்தியது. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "தவமணி உள்ளே வந்திருந்தார். எங்கள் ஊரில் இதற்கு ராசி என்று பெயர். சிலருக்கு அது இருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். ராசி என்ற சொல்லை இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். அத்தோடு போயிருக்கலாம். அடுத்த மாதம் அவர் தாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த நேரம் அச்சு இயந்திரம் நின்றது. அது மாதம் நாலு தடவை நிற்கிற இயந்திரம். ஆனால் அன்று எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். மறுநாள் தரையில் மஞ்சள் நாடா இருந்தது.

ஒரு வாரம் கழித்துத் தவமணி என்னை நடையில் நிறுத்தினார்.

"அண்ணை, இவையள் என்னைப் பாத்து ராசி எண்டு சொல்லினம். தமிழ்ச் சொல்லு இவையளுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியலையே" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, நடையின் கடைசி வரைக்கும்.

கன்சோல் இடம் காலியானபோது மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "முட்டாள்தனம்தான். ஆனாலும் மாதக் கடைசியில் ஆட்கள் பதற்றப்படுவார்கள். நீங்கள் அவருடைய மொழிக்காரர். என்ன நினைக்கிறீர்கள்?" நான் தோளைக் குலுக்கினேன். அந்தக் குலுக்கலுக்கு அவர் வேண்டிய அர்த்தத்தை எடுத்துக்கொண்டார். வேறு ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அதன் பின் ஒருநாள், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், தவமணி கோட்டுக்கு அந்தப்புறம் சுருள் வண்டியோடு காத்து நின்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. "யாரும் இல்ல, உள்ள வாங்க" என்றேன்.

அவர் காலைத் தூக்கினார். பிறகு இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வேண்டாம் அண்ணை. பிறகு ஏதும் நடந்தால்?"

கேலி செய்கிறவர்களை வெல்லலாம். ஆனால் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். சில மாதத்தில் தானாகக் கேட்டுத் தபால் பிரிவுக்கு மாறிப் போனார். அங்கே இயந்திரம் ஒன்றும் இல்லை. அங்கிருந்தே ஓய்வும் பெற்றார்.

மஞ்சள் நாடாப் படத்தைப் பார்த்த அன்றே ஹோர்ஸ்டைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். வளையத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன்.

"ராசியை எங்களில் யாருமே நம்பவில்லையே" என்றார். "விளையாட்டுதானே."

"அப்படியானால் அந்த நாடாவை ஏன் ஒட்டினீர்கள்?"

"நீதான் உங்கள் ஊர் வழக்கம் என்றாயே. அவருக்கும் அது சங்கடமில்லாமல் இருக்கட்டும் என்று ஒட்டினோம். மரியாதைக்கு."

அன்று முழுவதும் நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

தவமணி இப்போது ஹம் நகரில் மகளோடு இருக்கிறார். அங்குள்ள ஊன்ட்றொப் அம்மன் கோயிலில் தெரிந்தவர்கள் மூலம் எண் கிடைத்தது. ரயிலில் போனேன். வீட்டில் இருந்தே வேலை செய்கிற மகள்தான் கதவைத் திறந்தாள். உள் அறையில் மேசை மேல் இரண்டு திரைகள் எரிந்துகொண்டிருந்தன. தவமணி எனக்குத் தேநீர் கொண்டுவந்தபோது அந்த அறையின் வாசலைச் சுவரோரமாக ஒதுங்கிக் கடந்தார். மகள் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா என்ர லாப்டொப்புக்குக் கிட்டவும் வரமாட்டா, அங்கிள். சின்னம்மா கனடாவில இருந்து வீடியோவில எடுத்தாலும் தூர நிண்டுதான் கதைப்பா. நிண்டுபோயிடும் எண்டு பயம்."

மகள் வேலைக்குத் திரும்பிய பின் நான் பைக்குள்ளிருந்து வளையத்தை எடுத்து மேசையில் வைத்தேன். இத்தனை வருடமும் ஒரு அலமாரியில் வைத்திருந்தேன். எறியத் துணிவு வரவில்லை.

"தவமணி, அன்னைக்கு இது சுருள்லதான் இருந்துச்சு. கழட்ட மறந்தது நான். மறைச்சதும் நான். உங்களால ஒண்ணுமே நடக்கல."

அவர் வளையத்தைத் தொடவில்லை.

"அந்தச் சொல்லை அவையளுக்குக் குடுத்தது நீங்கள் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும், அண்ணை" என்றார். "படிச்ச மனுசன். எங்கட சாதி சனம் மாதிரி இல்லை. அவரே சொல்லுறார் எண்டால் அதில ஏதோ இருக்கு எண்டு நினைச்சன்."

எழுந்து உள் அறைக்குப் போனார். மகள் யாரோடோ ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தாள். தவமணி அவளுக்குப் பின்னால் நின்று, கையை நீட்டி, உள்ளங்கையைக் கணினியின் மேல் முழுதாக வைத்தார். மகள் பேச்சை நிறுத்தி, திகைத்து அம்மாவைப் பார்த்தாள். திரை அசையவில்லை. உள்ளே விசிறி ஓடிக்கொண்டே இருந்தது. மறுமுனையில் யாரோ ஏதோ கேட்டார்கள். மகள் பதில் சொன்னாள். அவர் கையை எடுக்கவே இல்லை.

"ஒண்டும் நடக்கேல்லை" என்றார், யாரிடமும் இல்லாமல். சந்தோசமாகச் சொல்லவில்லை. களவு போன பொருள் எது என்று கண்டுகொண்டவரின் குரல் அது.

திரும்பி வந்து என் எதிரே நின்றார். "தேத்தண்ணி ஆறுது. குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ."

குடித்துவிட்டுக் கிளம்பினேன். வளையம் மேசையிலேயே இருந்தது.

அந்தக் கூடத்தில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. நாடாவைச் சுரண்டி எடுத்துவிட்டார்களாம். சுருள்கள் இல்லை, கன்சோல் இல்லை. கணக்குகள் எங்கோ யாரும் பார்த்திராத இயந்திரங்களில் ஓடுகின்றன. குள்ளன் ஹோர்ஸ்ட் வீட்டுத் தோட்டத்துக்கே போய்விட்டான்.

போன வாரம் என் கணினியில் ஒரு வீடியோ அழைப்பு வந்தது. தவமணியின் முகம், திரைக்கு மிகக் கிட்டே. நெற்றியும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. வணக்கம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"தெரியுதோ?"

"தெரியுது."

"கேக்குதோ?"

"கேக்குது, தவமணி."

அவர் ஒரு நிமிடம் போல அப்படியே இருந்தார்.

"நிக்கேல்லைத்தானே?"

"நிக்கல."

திரை இருண்டது. அதன் பிறகு அழைப்பு இல்லை. நான் அழைத்தாலும் அவர் எடுப்பதில்லை. அன்று அந்தத் திரையின் முன்னால் இன்னும் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். மேசைக்கு அடியில் என் இரண்டு கட்டைவிரல்களும் உள்ளங்கைக்குள் அழுந்தி வலித்துக்கொண்டிருந்தன. விடலாம் என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.