வண்டி இருக்கிற வீடு

என் அப்பாவும் என் தாய்மாமனும் ஒருவரையொருவர் பார்த்தால் முதலில் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள், அப்புறம்தான் பேசுவார்கள். அப்படி ஒரு உறவு. அந்த வருஷம் சித்திரையில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். தறிக்கும் சுவருக்கும் நடுவில் நின்று, "என் தங்கச்சிய இந்தப் பொந்துல தள்ளிட்டேனே" என்றார். அப்பா தறிக்குழியிலிருந்து ஏறி வந்து அவரைக் கழுத்தைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார். அம்மா கைக்குழந்தையாக இருந்த என் தம்பியைத் தூக்கிக்கொண்டு, அப்போதே அண்ணனோடு ஐயம்பேட்டைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் கிளம்பினேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையை அம்மா இழுக்க, இன்னொரு கையை அப்பா இழுக்க, தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கடைசியில் அம்மாதான் விட்டாள். எனக்கு எட்டு வயது. தோள்பட்டை வீங்கிப்போனது. ஒருத்தரும் எண்ணெய் தேய்த்துவிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அவர் தறியில் உட்கார்ந்தால் வாயைத் திறக்கமாட்டார். இறங்கினால் தெருவில் யாருடனாவது சண்டை பிடிப்பார். என்னிடம் பேச அவருக்கு ஒன்றுமே இருக்கவில்லை. குழைந்த சோற்றைத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளுவார். நான் திருப்பித் தள்ளுவேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, "உங்கம்மா ஓடிப்பூட்டாளாமே" என்று கேட்டாள். அவளைக் கடித்துவைத்தேன். வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் போகவில்லை.

ஒருநாள் வறுகடலை மடித்து வந்த காகிதத்தில் ஒரு படம் இருந்தது. ஏதோ இங்கிலீஷ் பத்திரிகைத் தாள். கடற்கரையில் மூன்று சக்கரத்தின்மேல் ஒரு வெள்ளைக்காரன் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு முன்னால் கப்பலில் இருப்பதுபோல ஒரு பாய் காற்றில் புடைத்துக்கொண்டு நிற்கிறது. அதை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டி, "எனக்கு இது வேணும்" என்றேன். ஆசைப்பட்டுக் கேட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். அவரால் முடியாது என்று தெரிந்துதான் கேட்டேன். முடியாது என்று அவர் வாயால் சொல்லவேண்டும், அதை நான் காது குளிரக் கேட்கவேண்டும். அவர் படத்தை வாங்கிப் பார்த்தார். மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

அமாவாசைக்கு எங்கள் தெருவில் தறி ஓடாது. அடுத்து வந்த அமாவாசையன்று காலையில் அப்பா மூன்று சக்கரங்களோடு வந்து நின்றார். வாடகை சைக்கிள் கடையில் ஒடிந்துபோன குட்டி சைக்கிள்களிலிருந்து கழற்றியவை. கடைக்காரர் பழைய இரும்புக்காரனுக்குப் போட எடுத்துவைத்திருந்தாராம். நெய்த துணியைச் சுற்றுகிற படமரம் ஒன்று உளுத்துப்போய் மூலையில் கிடந்தது. அதில் நல்ல பாகத்தை அறுத்து அச்சாக்கினார். மேலே ஒரு பலகை. பாய் கட்ட ஒரு மூங்கில். முன் சக்கரத்தைத் திருப்ப இரண்டு பக்கமும் கயிறு.

கூட இருந்து செய்தேன் என்று சொல்லும்போது ஏதோ கொஞ்சிக் குலாவினோம் என்று தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. "பிடிடி ஒழுங்கா, கண்ணு எங்க இருக்குது உனக்கு?" என்று கத்துவார். "உன் ஆணிதான் கோணலு" என்று நானும் கத்துவேன். எதிர்வீட்டுக்காரர் தினமும் வாசலில் வந்து நின்று பல் குத்திக்கொண்டு பார்ப்பார். ஒருநாள், "பொண்டாட்டிய வெச்சிக் குடும்பத்த ஓட்டத் தெரியல, வண்டி ஓட்டப் போறாராம்" என்றார். அப்பா அறுத்த மரத்தூள் முழுவதையும் கூட்டி அள்ளி அவர் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு வந்தார். அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அவரைக் கொஞ்சம் பிடித்தது.

ஏரி அந்த வருஷம் வைகாசியிலேயே வற்றிவிட்டது. மாடு மிதித்து மிதித்து ஒரு பக்கம் தரை இறுகிக் கிடந்தது. அங்கே கொண்டுபோய் அப்பாவின் பழைய வேட்டியை மூங்கிலில் கட்டினோம். காற்று நன்றாகவே அடித்தது, வேட்டிக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விட்டது. வண்டி அசையவில்லை. மாடு மேய்க்கிற பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா வீட்டுக்கு வந்து, நெசவுக்காரருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். சோற்றுக் கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சி, நூலுக்குப் போடுவதுபோல அந்த வேட்டிக்கு இழை மறையப் போட்டுத் தேய்த்துக் காயவைத்தார். காய்ந்ததும் அது அப்பளம் மாதிரி மொடமொடத்தது.

மறுபடி போனோம். உட்கார்ந்தேன். அப்பா ஒரு தள்ளு தள்ளினார். அவ்வளவுதான், என் பிடரியில் யாரோ அறைந்ததுபோல வண்டி கிளம்பிவிட்டது. சக்கரம் கடகடத்தது, பல்லெல்லாம் ஆடியது, பின்னால் அந்தப் பையன்கள் ஓடிவந்து ஓடிவந்து தோற்றார்கள். நான் கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். அம்மா, மாமா, கடிபட்டவள், எல்லாருக்கும் சேர்த்துச் சொன்னேன். சுகமாக இருந்தது. எதிர்க்காற்றில் வண்டி திரும்பி வராது என்பதால் அப்பா நடந்து வந்து என்னை உட்காரவைத்தே இழுத்துக்கொண்டு போனார். தினமும் சாயங்காலம் தறியை விட்டு இறங்கியதும் இதுதான். ஒரு வார்த்தை பேசாமல் இழுப்பார்.

ஆடி அமாவாசையன்று மாமா அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஆள்கட்டோடு வந்தார். பெண்பிள்ளையைத் தாயிடம் விடவேண்டும் என்று தெருப் பெரியவர்களிடம் முறையிட்டார். பஜனைக் கோயிலில் கூடினார்கள். ஒரு பக்கம் அம்மாவும் மாமாவும். இன்னொரு பக்கம் அப்பா, தரையைப் பார்த்துக்கொண்டு. பெரியவர்களுக்கு யாரையும் பகைத்துக்கொள்ள மனமில்லை. அதனால் அந்தப் பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்தார்கள். "சொல்லும்மா, நீ யார் வூட்ல இருக்கே?"

எட்டு வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? அம்மாவைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. "என்னோட இருடி" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"வண்டி எந்த வூட்ல இருக்குதோ அந்த வூட்ல இருக்கேன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தை சொன்னதுதான் தீர்ப்பு என்று பெரியவர் ஒருவர் முடித்துவைத்தார். அவர்களுக்குச் சாப்பாட்டு நேரம். மாமா வாயைத் திறப்பதற்குள் அப்பா எழுந்து போனார். வண்டியை உருட்டிக்கொண்டு வந்து அம்மாவின் முன்னால் நிறுத்தினார். "எடுத்துக்கினு போங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

ஐயம்பேட்டையில் மாமா வீட்டுப் பிள்ளைகள் ஒருநாள் வண்டியை இழுத்து விளையாடினார்கள், அத்தோடு சரி. பெண்பிள்ளை ஏரிக்குப் போகக்கூடாது என்றார் மாமா. வண்டி மாட்டுக்கொட்டகை ஓரத்தில் நின்றது. ஒரு காலையில் பார்த்தால், கஞ்சி வாசனைக்குப் பசு பாயில் பாதியைத் தின்றுவிட்டிருந்தது. மாமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். "உங்கப்பன் கை பட்டதுலயே இது ஒண்ணுதான்மா மாட்டுக்காவது உதவிச்சி" என்றார்.

அன்று மத்தியானம் எல்லாரும் படுத்ததும் வண்டியை வெளியே இழுத்தேன். ஏரிக்கரை வரைக்கும் இழுத்துப்போய், கருவேல முள்ளுக்குள் தலைகீழாகத் தள்ளி, மேலே தழையைப் போட்டு மூடினேன். கையெல்லாம் கீறல். திரும்பி வந்து மாமாவை எழுப்பினேன்.

"அப்பா வந்து வண்டிய எடுத்துக்கினு பூட்டாரு. வண்டி இருக்கிற வூட்லதான் நான் இருக்கணும்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. என்னைக் கொண்டுபோய் விடு."

மாமா குதித்தார். தன் வீட்டுக்குள் வந்து திருடிக்கொண்டு போயிருக்கிறான், கையும் களவுமாகப் பிடித்து மானத்தை வாங்குகிறேன் என்று சட்டையை மாட்டினார். அம்மா என் கையிலிருந்த கீறல்களைப் பார்த்தாள், பாதத்திலிருந்த ஏரிப் புழுதியைப் பார்த்தாள். என்னை உட்காரவைத்துத் தலைவாரிப் பின்னி, என் மாற்றுப் பாவாடையை மடித்துப் பையில் வைத்தாள். வாசல்படி வரைக்கும் அவள் முந்தானையை நான் விடவில்லை. ஆனாலும் போனேன்.

பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. அப்பா எடுக்கவே இல்லை. போய் நின்றதும் "நான் எங்க எடுத்தேன்?" என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் தீர்ந்தது. மாமா அங்கேயே என் தோலை உரித்துவிட்டுத் திரும்ப இழுத்துக்கொண்டு வருவார். அதற்கப்புறம் எந்தப் பெரியவரும் என் பேச்சைக் கேட்கமாட்டார்.

அப்பா தறியில் இருந்தார். மாமா வாசலில் நின்றபடியே தெருவுக்கெல்லாம் கேட்கக் கத்தினார். "திருட்டுப் பயலே, குழந்தை வண்டிய எதுக்குடா எடுத்துக்கினு வந்தே? அது வண்டி இருக்கிற வூட்லதான் இருப்பேன்னு நிக்கிது. மரியாதையா வண்டியக் குடு."

எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்தார். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அப்பா தறியை நிறுத்தினார். மாமாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். பஜனைக் கோயிலில் பார்க்காத பார்வையை அப்போது பார்த்தார்.

"ஆமா" என்றார். "நான்தான் திருடிக்கினு வந்தேன். குடுக்கமாட்டேன். போலீஸ்ல சொல்லிக்கோ."

மாமா காறித் துப்பினார். "அப்ப ரெண்டையும் நீயே வெச்சிக்கினு அழு" என்று பையை என் காலடியில் எறிந்துவிட்டுப் போனார். திருடனைப் பார்த்த திருப்தியில் தெருவும் கலைந்தது. நான் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தறியோரம் நின்றேன்.

அப்பா ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "எங்கடி போட்டு வெச்சிருக்கே?" என்றார்.